தங்கை வீட்டு மரத்துக்குத் தண்ணீர்

"அம்மா, சின்னம்மா வீட்ல இந்த வருசம் நெஜ மரமாம்!"

இரண்டு வருடமாக ஈப்போ வீட்டுக்கு வராத மகள் மெல்பர்னிலிருந்து அழைத்திருந்தாள். எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாள் என்று கேட்பதற்காகவே போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தேன். முதலில் வந்தது மரம்.

"போட்டோ அனுப்பினாங்க. சீலிங் வரைக்கும் நிக்குது. கிறிஸ்மஸ் காலைல பூசை முடிஞ்சதும் நேரா அங்க போய்ப் பரிசெல்லாம் பிரிக்கலாம்லா?"

"பாக்கலாம்" என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. பொங்கியது வேறு.

எங்கள் வீட்டில் நிற்பது பிளாஸ்டிக் மரம். மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த வருடம் வாங்கியது. மூன்று கால்களில் ஒன்று உடைந்து, பழைய டெலிபோன் புத்தகத்தின் மேல் நிற்கிறது. கிளைகளை ஒவ்வொன்றாக விரித்துவிட வேண்டும். விரிக்கும்போதே பச்சைத் துணுக்குகள் கையில் ஒட்டும். அதனடியில் பூசைக்குக் கட்டிய சேலையோடு அவள் தரையில் உட்கார வேண்டும். காகிதத்தைக் கிழிக்க வேண்டும். நான் காப்பி கலந்துகொண்டே பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக நான் வேண்டியது அந்த ஒரு காலை. மற்ற நாட்களையெல்லாம் தங்கை எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே நிறைய எடுத்துக்கொண்டவள்தானே.

அப்படிச் சொல்வது நியாயமில்லை. அவள் எடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை எனக்கு. தங்கை ஆசிரியை, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. முதலாம் வகுப்பிலிருந்து என் பெண் அங்கேதான் மதியச் சோறு சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், காய்ச்சலில் படுத்தாள். சோறு ஊட்டிய கை தங்கையுடையது. அரிசி வாங்கப் போன கை என்னுடையது. பிள்ளைகளுக்கு எந்தக் கை ஞாபகமிருக்கும் என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் நடுவில் தங்கை தன் பள்ளித் தோழிகளோடு லூமுட் போய், அங்கிருந்து படகில் பங்கோர் தீவுக்கு நான்கு நாள் கிளம்பினாள். வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். அன்றுதான் மரத்தை நேரில் பார்த்தேன்.

என்ன சொல்ல. அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து குளிர்பெட்டியில் கப்பலேறி வந்த ஃபர் மரம். நீலம் கலந்த பச்சை. அடுக்கடுக்காகக் கை நீட்டி, எல்லாக் கையிலும் ஏதோ ஏந்தி நின்றது. எங்கள் சிறுவயதில் ரூ என்கிற சவுக்கு மரக் கிளை ஒன்றை மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னில் நட்டு, அதற்குப் பஞ்சு ஒட்டினால் கிறிஸ்மஸ். இது அதன் பணக்கார உறவு.

மரத்துக்காகக் கூடத்தைக் குளிரவைத்தபடி ஏர்கோன் பகலெல்லாம் ஓடியது. எனக்காக அந்த வீட்டில் ஒருநாளும் ஓடியதில்லை.

"அக்கா, இங்க குனிஞ்சு பாரு. இந்தத் தொட்டியில தண்ணி எப்பவும் அடிமரத்து வெட்டு வாய்க்கு மேல நிக்கணும். கீழ எறங்கிருச்சுன்னா பிசின் வந்து மூடிக்கும். அப்புறம் குடிக்காது."

"குடிக்காட்டி?"

"காஞ்சு போயிரும். தொட்டாலே ஊசி எலையெல்லாம் கொட்டும்."

"சீனி கீனி போடணுமா?"

"ஒண்ணும் வேணாம்லா. பைப்புத் தண்ணி போதும். நர்சரி மொதலாளி, அந்தத் தவுக்கே, தாள் குடுத்திருக்காரு, தோ அந்தச் சொவத்துல ஒட்டியிருக்கேன். ஏர்கோன நிப்பாட்டிராத. திரையத் தொறக்காத, வெயில் படக்கூடாது."

"புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கெடையாதுடி."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. தங்கை சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் ஒழுங்காகப் போனேன். கதவைத் திறந்ததும் வாசனை வந்து முகத்தில் மோதியது. தைலம் போல, ஆரஞ்சுத் தோல் போல, மழைக்குப் பின் செமோர் மலையடிவாரத்தில் கார் கண்ணாடியை இறக்கினால் வருவது போல. எதைச் சொன்னாலும் பாதிதான். தரையில் மண்டியிட்டு, அடிமரத்தைச் சுற்றியிருந்த சிவப்புத் துணியைத் தூக்கி, இரண்டு ஜக் தண்ணீர் ஊற்றினேன். ஒரே நாளில் அவ்வளவு குடித்திருந்தது. வேர் கிடையாது, மண் கிடையாது, நாட்டைவிட்டு வந்து எத்தனை வாரம்; இன்னும் தாகம் மட்டும் குறையவில்லை. எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. வாசனையைச் சேலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"எங்க போயிட்டு வார? நல்லா மணக்குற" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான முப்பது வருடத்தில் அவர் சொன்ன இந்த ஒரு நல்ல வார்த்தையும் அவள் மரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் நாள் காலை, குடும்ப வாட்சப் குழுவில் தங்கை தீவிலிருந்து எழுதியிருந்தாள்: 'உன் ரூமுக்குப் புதுத் திரை போட்டுட்டேன்.' மகள் பதில் போட்டிருந்தாள். பத்து இதயம். எண்ணினேன். பத்து.

உன் ரூம். என் வீட்டிலும் அவளுக்கு அறை இருக்கிறது. இஸ்திரி மேசையும் அரிசி டின்னும் அங்கேதான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

கையில் எடுத்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவோ வசதி இருக்கிறது. மறக்கவில்லை. அன்று முழுவதும் அச்சு முறுக்குச் சுட்டேன். அச்சை மாவில் முக்கும் ஒவ்வொரு முறையும், அங்கே ஈப்போவின் மறு கோடியில் தொட்டித் தண்ணீர் ஒரு விரல் இறங்குவது தெரிந்தது. எண்ணெயில் விட்டு உதறுவேன். இன்னும் ஒரு விரல். பூ விரியும். இன்னும் ஒன்று. மரம் காய்ந்தால் ஊசி கொட்டும். ஊசி கொட்டினால் குப்பை வண்டி. குப்பை வண்டி போனபின் என் பிளாஸ்டிக் மரம் மட்டும். இரண்டு டின் நிறைய முறுக்கு. ஒன்றுகூட உடையவில்லை. கெட்ட எண்ணத்தோடு சுட்டால் பலகாரம் கெடும் என்பதெல்லாம் சும்மா.

மூன்றாம் நாள் போனபோது தொட்டி வறண்டிருந்தது.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வெட்டு வாயில் பிசின் மின்னியது, அழுது காய்ந்த கண் மாதிரி. அவசரமாக ஊற்றினேன். தண்ணீர் நின்ற இடத்தில் தொட்டியின் உள்பக்கம் நகத்தால் ஒரு கீறல் போட்டேன். சோபாவில் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தேன். அதே கீறல். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்தேன். அதே கீறல். ஒரு கிளையைத் தொட்டேன். ஏழெட்டு ஊசிகள் உதிர்ந்து தரையில் விழுந்தன. சத்தமே இல்லை. நான் கேட்டதுதான் நடந்தது. பிறகு ஏன் குனிந்து ஊசி ஊசியாகப் பொறுக்கினேன்?

மரத்துக்காக அல்ல, முதலில். மகள் வந்து நின்று, காய்ந்த மரத்தைப் பார்த்து, தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொன்னவள் யார் என்று என் பக்கம் திரும்பும் முகத்துக்காக. அந்த முகத்தோடு அவள் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து என்ன பரிசைப் பிரிப்பாள்?

பிசின் போட்ட இந்த மூடல் எனக்குத் தெரிந்த மூடல். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பள்ளி விடுமுறையானால் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போவது நான்தான். தங்கை இளையவள், படிக்கிற பிள்ளை, வீட்டில் இருப்பாள். முந்தின நாள் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து ரப்பராக ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, உளியால் அதே கோட்டில் ஒரு மயிரிழை சீவினால் மறுபடி பால் வரும். மூடினது மூடினதுதான் என்று எந்த மரமும் இருப்பதில்லை. புதுசாக ஒரு வெட்டு வேண்டும், அவ்வளவுதான்.

சுவரில் ஒட்டியிருந்த தாளும் அதையே சொன்னது: தண்ணீர் வற்றிவிட்டால் அடியில் ஓர் அங்குலம் நேராக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்துக.

நான்காம் நாள் காலை வீட்டுக்காரரையும் ரம்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மரத்தைப் படுக்க வைக்க வேண்டுமென்றால் அலங்காரத்தை எல்லாம் கழற்ற வேண்டும். போனில் நாலு பக்கமும் படமெடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கண்ணாடி உருண்டை, சிறகு விரித்த மரச் சம்மனசு, கம்பளிக் காலுறை. உள்கிளை ஒன்றில், வெளியே தெரியாத இடத்தில், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிச் செய்த நட்சத்திரம். பின்னால் பென்சிலில் குண்டு குண்டாக: சின்னம்மாவுக்கு.

மகளின் முதலாம் வகுப்பு எழுத்து. 'ம்' தலைகீழாக விழப்போவது போல் நின்றது. எனக்கும் அந்த வருடம் ஒன்று செய்து கொடுத்தாளா? கொடுத்திருப்பாள். எங்கே வைத்தேன்? அந்த வருடம் நான் தூங்கவும் வேலைக்குப் போகவும் மட்டுமே வீட்டில் இருந்தேன். நட்சத்திரத்தை முந்தானைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு மற்றவற்றோடு சோபாவில் வைத்தேன்.

இரண்டு முக்காலிகளின் மேல் மரத்தைக் கிடத்தினோம்.

"உன் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு" என்றார் அவர்.

"வாய மூடிக்கிட்டு மரத்தப் புடிங்க."

ரம்பம் இறங்கியது.

"ஏய், கோணலாப் போகுது."

"அதுவாப் போகல. நான்தான் சாய்க்கிறேன். சாய்ச்சு வெட்டுனாத்தான் வாய் பெருசாத் தொறக்கும்."

"தாள்ல நேரான்னு போட்டிருக்கு."

"தாள் எழுதுனவன் பால்மரம் வெட்டியிருக்கானா? நீங்க டவுன்ல பொறந்தவுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மரம் கிரிக்கெட் மட்டைதான்."

அவர் மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் கை தனக்குத் தெரிந்த சாய்வில் இறங்கியது. நாற்பது வருடம் முன்பு பழகிய சாய்வு. அறுத்த துண்டு தரையில் விழுந்து உருண்டது. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. எடுத்துப் பைக்குள் போட்டேன். அதன் வாசனை கையைவிட்டுப் போக இரண்டு நாளானது.

நிறுத்தியபோதுதான் தெரிந்தது. மரம் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. திருகாணிகளை எப்படி முறுக்கினாலும் அடி தட்டையாக உட்கார்ந்தால்தானே? வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துத் தொட்டிக்கடியில் சொருகினார்.

"குடிகாரன் மாதிரி நிக்குது."

"குடிக்கட்டும். அதுக்குத்தான இத்தன பாடு."

படங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். நட்சத்திரத்தை அதே உள்கிளையில், அதே ஒளிவிடத்தில். முன்னால் மாட்ட மனம் வரவில்லை. பிறகு குனிந்து பார்த்தேன். தண்ணீர் என் நகக் கீறலுக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுவும் இறங்கியது. எனக்குப் பிடிக்காத ஒரு மரம் தண்ணீர் குடித்ததற்காக, அந்தக் குளிர்ந்த கூடத்தில், அவர் பார்க்காதபடி அழுதேன்.

அன்று மாலை தங்கை திரும்பினாள். நாளைக்கு ரயிலடிக்குச் சேர்ந்தே போவோம் என்று போனில் சொன்னாள். 

அடுத்த நாள் நடுப்பகலில் மகள் விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். இரண்டு கையாலும் எங்கள் இருவரையும் சேர்த்தே கட்டிக்கொண்டாள். ஆனால் முகத்தைத் தங்கையின் தோளில்தான் புதைத்தாள். நான் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுத் தோடு. யார் வாங்கித் தந்தது?

"மொதல்ல மரத்தப் பாக்கப் போலாம்" என்றாள்.

கதவைத் திறந்ததும் கண்ணை மூடி மூச்சிழுத்தாள். திறந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"சின்னம்மா, மரம் ஏன் கோணலா நிக்குது?"

"நான் போறப்ப நேராத்தான் நின்னுச்சு" என்றாள் தங்கை. "நேத்துலேர்ந்து நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

ஜக்கோடு மண்டியிட்டாள். சிவப்புத் துணியைத் தூக்கினாள். போன் விளக்கைப் போட்டாள். தலையைத் தரையோடு சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"அக்கா. இங்க வா."

போனேன். பக்கத்தில் மண்டியிட்டேன். ஜெபத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்த மகளுக்கு.

"வெட்டப் பாரு. எடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ."

"சுத்தி வந்து பாத்தா எல்லாச் சாய்வும் அப்படித்தான் தெரியும்."

"நம்ம அம்மா பால்மரத்துல போடுற வெட்டு மாதிரியே இருக்கு." அவள் குரலில் கோபம் இன்னும் வரவில்லை. "எத்தன நாள் தண்ணி ஊத்தல?"

"ஒரு நாள்."

"மறந்துட்டியா?"

நான் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். ஆமாம் என்று சொல்லி நுழைந்துவிடலாம். மகள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்கல" என்றேன்.

தங்கை போன் விளக்கை அணைத்தாள்.

"ஏன்க்கா?"

"கிறிஸ்மஸ் காலைக்கு. அவ என் வீட்ல உக்காந்து பரிசு பிரிக்கணும். இந்த மரம் இருந்தா வரமாட்டா."

தங்கை ஜக்கைத் தரையில் வைத்தாள். சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "நான் எதுக்கு இந்த மரத்த வாங்குனேன்னு நெனச்ச? இந்தத் தடவ அம்மா வீட்லதான் தங்குவேன்னு இவ எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா. அதக் கேட்டுட்டு மறுநாளே நர்சரிக்குப் போய்ச் சொல்லி வச்ச மரம் இது."

நான் மகளைப் பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்தாள். "ஒங்ககிட்டயும் சொல்லலாம்னுதான் இருந்தேன்மா. அதுக்குள்ள மரம் வந்துருச்சு. பாத்ததும் ஆசையாப் போச்சு."

"நல்லா இருக்குடி உங்க கத" என்றேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

தங்கை இன்னும் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லீவு விட்டா அம்மா ஒன்னத்தான் பால்மரக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். நான் வீட்ல புஸ்தகத்தோட ஒக்காந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வேர்வ நாத்தத்தோட, ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு வருவீங்க. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, நீ படி'ன்னு சொல்லும். அம்மாவோட காலையெல்லாம் ஒனக்குத்தான் கெடச்சுச்சு."

எனக்கு அது புதுச் செய்தி. கொசுக்கடியும் கால் புண்ணுமாக நான் வெறுத்த காலைகள். வீட்டில் பாயில் சாய்ந்து படிக்கிறவளை நினைத்து, மரத்துக்கு மரம் பல்லைக் கடித்துக்கொண்டு பால் பிடிக்கும் மங்கு கவிழ்த்த காலைகள். அவற்றை ஒருத்தி இத்தனை வருடம் எனக்கெதிராக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றாள் மகள். "தண்ணி எறங்குது, பாருங்க."

இறங்கித்தான் இருந்தது. வெட்டின் மேல்விளிம்பு வெளியே தெரியவிருந்தது. தங்கை ஜக்கை எடுத்து அதை மூழ்கடித்தாள்.

"காலைய நீ எடுத்துக்க" என்றாள் எழுந்துகொண்டே. "மத்தியானம் எல்லாரும் இங்க வாங்க. ஆனா இனிமே நீ இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தக்கூடாது."

"ஊத்தல."

"சத்தியமா?"

"ஊத்தலடி!"

ஆக, எனக்கு என் காலை கிடைத்தது. பூசை முடிந்து வந்து, பட்டுச்சேலை தரையெல்லாம் பரவ, மகள் பிளாஸ்டிக் மரத்தடியில் உட்கார்ந்தாள். அதனடியில் நான் அந்த அறுத்த துண்டை வைத்திருந்தேன். எடுத்து மோந்தாள். ஒரு பக்கத் தடிப்பையும் மறுபக்க மெலிசையும் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். காகிதம் கிழித்தாள். நான் காப்பி கலந்தேன். முறுக்கு உடைபடும் சத்தம். இரண்டு வருடமாக மனசுக்குள் ஓட்டிப்பார்த்த படம், ஒரு காட்சிகூடக் குறையாமல் ஓடியது.

நாலாவது பரிசில் அவள் கை நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சின்னம்மா இந்நேரம் தனியா ஒக்காந்திருப்பாங்களா?" என்று கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை? ஷிப்டு முடிந்து அவளை அழைத்துவரப் போகும்போதெல்லாம், என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு அந்த வீட்டு வாசலை அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். எனக்குள் பழைய புழு ஒருமுறை நெளிந்தது. அடுத்த பார்சலை அவள் மடியில் நகர்த்தி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

"மிச்சத்த அங்க போய்ப் பிரிச்சுக்க" என்றேன். "அப்பாகிட்ட கார் சாவியக் கேளு."

தங்கை கதவைத் திறந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. "மத்தியானம்னு சொன்னேன்ல?" என்றாள். பூசைச் சேலைகூட மாற்றாமல் நின்றாள், கையில் ஜக். மகள் அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மரம் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தபடியே நின்றது. ஊசி ஒன்றும் கொட்டியிருக்கவில்லை. அந்த நட்சத்திரத்தைத் தங்கை முன்கிளைக்கு மாற்றியிருந்தாள்; கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்துக்கு. எனக்குக் காட்டத்தான் மாற்றியிருப்பாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ராத்திரிக்குள்ள ரெண்டு ஜக் குடிச்சிருச்சு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொல்லும் தாயைப் போல. "பாரு, எவ்வளவு பச்சையா இருக்கு! நான்தான் பாத்துப் பாத்து ஊத்துறேன்."

ஊற்றுகிறவள் நீயாகவே இரு. அது குடிப்பது நான் போட்ட வெட்டின் வழியாக. அன்று வாய்வரை வந்ததை முறுக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.